பாண்டியில் முதல் பாம்பு: காலித் தொட்டியே 37 டிகிரி காட்டுகிறது, உதவி தேவை

முத்தியால்பேட்டை மாடிவீடு

பாம்பு இன்னும் வாங்கவில்லை, தொட்டி மட்டும் தயார். மீன் கடையில் வாங்கிய 3 அடி கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி, உள்ளே தேங்காய் நார்த்தூள் 2 அங்குலம், ஒரு முனையில் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் மின்விரிப்பு). வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான். பகல் 2 மணிக்குச் சூடான முனை 37, எதிர் முனை 34. இரவில் ஈரப்பதம் 84 சதவீதம். எங்கே தப்பு?

பால் பைத்தான் (ball python) குட்டி ஒன்று தருவதாக ஒருவர் சொல்கிறார், பேப்பர் எதுவும் வேண்டாமாம். இன்னொருவர் சாரையே வளர்க்கலாம் என்கிறார். வீட்டில் 4 வயதுப் பையன் இருக்கிறான். எதை வாங்கலாம்?

கடலூர் ஓ.டி.

தம்பி, சாரையை மறந்துவிடுங்கள். சாரை, மண்ணுளி, தண்ணீர்ப்பாம்பு எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு, சிறை வரை போகும்.

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் அந்தச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பதிவு கட்டாயம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பேப்பர் வேண்டாம் என்பவரிடம் இருப்பது பெரும்பாலும் கடத்தல் குட்டிதான். பெட்டியில் அடைபட்டு நீர் வற்றி, உண்ணியோடு வந்து சேரும்.

உங்களுக்குக் கார்ன் ஸ்நேக் பொருந்தும். அமெரிக்கத் தென்கிழக்குப் பாம்பு, 3 முதல் 5 அடி வளரும், 15 முதல் 20 வருடம் இருக்கும். சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஆனாலும் வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான ரசீதை எழுத்தில் வாங்குங்கள், புதுச்சேரி வனத்துறையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பால் பைத்தான் மாதக்கணக்கில் இரை தொடாமல் கிடக்கும், புதிதாக வளர்ப்பவர் பதறிப்போவார்.

இப்போது தொட்டிக்கு வருவோம். குளிர்நாட்டுக்காரர் சொன்ன முறையைக் கோரமண்டல் கரையில் செய்ததுதான் தப்பு. அங்கே சூடேற்றுவது பிரச்சினை, நமக்குச் சூட்டை இறக்குவது. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான முனை 29-30, குளிர்ந்த முனை 24-26 வேண்டும். 35 டிகிரியில் நெடுநேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தொட்டியில் அது தப்பி ஒதுங்க இடமே இல்லை, எதிர் முனையே 34.

1. ஹீட் மேட்டை இன்றே கழற்றுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கும் ஏசி அறைக்கும் மட்டும்தான் அது. அப்போதும் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடக் கூடாது, 30-இல் வைத்து அதன் உணர்முனையை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டுங்கள். மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 2 அங்குல நார்த்தூள் மூடியிருப்பதால் சூடு மேலே வராமல் அடியில் தேங்குகிறது. பாம்பு தோண்டி இறங்கினால் வயிற்றுச் செதில் வெந்துவிடும்.

2. நார்த்தூளை அள்ளிவிட்டுச் செய்தித்தாள் நான்கு மடிப்பு விரியுங்கள். நம் ஊர்க் காற்றே ஈரம், அதோடு நார்த்தூளும் சேர்ந்தால் 84 வரத்தான் செய்யும். அடிவயிற்றில் பழுப்புக் கொப்புளம் வருவது இதனால்தான். 40 முதல் 60 இருக்கட்டும், மழைக்காலத்தில் 70 வரை போனாலும் தரை காய்ந்திருந்தால் பரவாயில்லை.

3. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை வேண்டாம். வடக்குப் பக்கம், வெயில் படாத உட்சுவர் ஓரமாக, தரையிலிருந்து 2 அடி உயர ஸ்டாண்டில் வையுங்கள். தரைத்தளமானாலும் உயரம் அவசியம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை நம் தெருக்களை என்ன செய்தது என்று தெரியுமே.

வில்லியனூர் ஊர்வன

அண்ணா சொன்னதோடு பூட்டையும் பாருங்கள். குட்டி பென்சில் கனம்தான் இருக்கும், தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும். முதல் வருடம் 15-20 லிட்டர் கிளிப் டப்பா போதும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் துளைகளை உள்ளிருந்து வெளியே போடுங்கள், சொரசொரப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மறைவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். பிறகு 4x2x2 அடி பிளைவுட் பெட்டி, முன்பக்கம் நகரும் கண்ணாடி, ஷோகேஸ் பூட்டு. இரு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்து இடுக்கை மறக்காமல் அடையுங்கள். தப்பி வெளியே போனால் பக்கத்து வீட்டில் கட்டுவிரியன் என்று அடித்துவிடுவார்கள்.

அந்த அறையில் கொசுவத்தி, லிக்விட், எறும்பு சாக்பீஸ் எதுவும் கூடாது. எறும்புக்கு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வீட்டு எலி, பல்லி இரையாகாது: எலிமருந்தும் ஒட்டுண்ணியும் வரும். உறைந்த எலிக்குட்டி தொடர்ந்து எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட்டே பாம்பு வாங்குங்கள். தனி மூடி டப்பாவில் ஃப்ரீசரில் வைத்து, முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, வெதுவெதுப்பான நீரில் சூடாக்கித் தரணும். மைக்ரோவேவ் வேண்டாம், வெடிக்கும்.

பையன் 5 வயதுக்குள் என்பதால் அவன் தொடவே கூடாது. சால்மோனெல்லா சிறு பிள்ளைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். பாம்புக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், தொட்ட கையைச் சோப்பால் கழுவுங்கள்.

வாங்கும்போது தண்ணீர்க் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளி மிதந்தால் உண்ணி. வாயோரம் நுரை இருந்தாலோ மூச்சில் சத்தம் வந்தாலோ சளிப் பிடிப்பு, வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டை மாடிவீடு

மேட் கழற்றி, வடக்கு அறைக்கு மாற்றி, செய்தித்தாள் விரித்துவிட்டேன். பகல் 2 மணிக்கு 30, 28. இரவு ஈரம் 68. இனி எத்தனை நாள் பார்க்கணும்? கரண்ட் போனால்?

கடலூர் ஓ.டி.

இன்னும் 14 நாள், காலை 6, பகல் 2, இரவு 10 என்று எழுதி வையுங்கள். 28 கொஞ்சம் அதிகம், மதியம் இரண்டு மணி நேரம் ஏசி 26-இல் ஓடட்டும், காற்று தொட்டியில் நேராகப் படாமல். நடுவே ஒரு நாள் மதியம் மின்சாரத்தை அணைத்து நான்கு மணி நேரம் பாருங்கள். 32 தாண்டினால், 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துண்டில் சுற்றித் தொட்டிக்கு வெளியே குளிர்ந்த முனையில் சாய்த்து வையுங்கள். உள்ளே வைத்தால் வியர்த்து ஈரம் ஏறும்.

பாம்பு வந்ததும் முதல் 7 நாள் தொட வேண்டாம். எட்டாம் நாள் மாலை, அதன் உடம்பின் தடித்த இடத்துக்குச் சமமான கனத்தில் ஒரு எலிக்குட்டி. தின்றதும் 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள், எடுத்தால் கக்கிவிடும். கக்கினால் அடுத்த இரை 10 நாள் கழித்து, பாதி அளவில். மறுபடியும் கக்கினால் குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள், கக்கியதையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள்.