மறுமொழி: ‘இன்புட் ஃபோர்குளோஷர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்டை மைக்ரோசாஃப்ட் வாங்கிய விவகாரத்தைக் குன்னூர் தம்பி தன் கல்லூரி இதழுக்காகத் தமிழில் எழுதுகிறார். ‘இன்புட் ஃபோர்குளோஷர்’ வந்ததும் தேங்கி நிற்கிறார். போட்டியாளருக்குத் தேவையான சரக்கைக் கையில் வைத்திருப்பவர் அதை அவருக்குத் தராமல் இருப்பது அல்லது அரைகுறையாகத் தருவதுதான் அது. அகராதியைத் திறந்தால் அடமானச் சொத்து கைவிட்டுப் போவதைச் சொல்கிறது. நம் வங்கிகளிலோ கடனைத் தவணைக்கு முன்பே கட்டி முடிப்பதற்கு இதே சொல். அதனால் ‘முன்னடைப்பு’ போதுமா என்று கேட்கிறார். போதாது தம்பி. படிக்கிறவர் நகைக்கடனைத்தான் நினைப்பார்.

முதலில் சங்கதியைப் பார்ப்போம். 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரி 18 அன்று அறிவித்தது. செய்தித்தாள்கள் தொகையைப் பார்த்து வாய்பிளந்தன. சந்தையில் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையங்களின் கவலை வேறு. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியை விற்கிறவர் கைக்கு ஆக்டிவிஷனின் ‘கால் ஆஃப் டூட்டி’ விளையாட்டு போகிறது. சோனியின் பிளேஸ்டேஷனிலும் அதை ஆடுகிறவர்கள் ஏராளம். நாளைக்கு அதைச் சோனிக்குத் தர மாட்டேன் என்றால்? இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. ஸெனிமேக்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தை 2020-இல் 750 கோடி டாலர் விலை பேசி, 2021-இல் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், அதன் ‘ஸ்டார்ஃபீல்ட்’ விளையாட்டை எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் மட்டும் என்று ஆக்கியது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2022 டிசம்பரில் வழக்குத் தொடுத்தபோது ஸெனிமேக்ஸ் கதையைத்தான் எடுத்துப்போட்டது.

நம் மலையில் இதை விளக்குவது சுலபம். சொந்தத் தோட்டம் இல்லாமல், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கியே ஓடும் தேயிலை ஆலைகள் இங்கே எத்தனை இருக்கின்றன! அவற்றில் ஒன்று, எல்லா ஆலைகளுக்கும் இலை தருகிற பெரிய தோட்டத்தையே விலைக்கு வாங்கிவிட்டது என்று வையுங்கள். அப்புறம் மற்ற ஆலைகளுக்கு இலையை நிறுத்திவிடலாம். நிறுத்தாமலும் காரியத்தைச் சாதிக்கலாம். நல்ல கொழுந்தைத் தனக்கு வைத்துக்கொண்டு முற்றிய இலையை அனுப்பலாம், விலையை ஏற்றலாம், லாரியை அரை நாள் தாமதமாக விடலாம். மூட்டைக்குள் கிடந்து சூடேறிய இலையில் என்ன தூள் வரும் என்று கோத்தகிரியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது வகைதான் சுவாரசியமானது. பிளேஸ்டேஷனுக்குத் தரும் பதிப்பில் கடைசிக் கட்டத்திலோ பிந்தைய புதுப்பிப்புகளுக்குப் பிறகோ மட்டும் தலைகாட்டும் பிழைகளை மைக்ரோசாஃப்ட் விட்டுவைக்கக்கூடும் என்று பிரிட்டன் ஆணையத்திடம் சோனி வாதிட்டது. கொஞ்சம் அதீதம்தான். ஆனால் சட்டம் இதையும் ஃபோர்குளோஷர் என்றே எடுத்துக்கொள்கிறது. ‘முழு’, ‘பகுதி’ என்று அடைமொழி சேர்க்கிறது, அவ்வளவுதான். நம் சொல்லும் அந்த இரண்டு அடைமொழிகளையும் தாங்க வேண்டும்.

இன்னொன்று. ஆணையங்கள் இதைச் சோதிக்கும் முறையைத் தமிழில் மூன்றே கேள்வியாகச் சொல்லிவிடலாம்: முடியுமா, கட்டுப்படியாகுமா, போட்டி கெடுமா? பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விளையாட்டுப் பெட்டிகள் விஷயத்தில் 2023 மார்ச்சில் இரண்டாவது கேள்வியோடு நின்றுவிட்டது. கால் ஆஃப் டூட்டியைச் சோனிக்குத் தராமல் இருந்தால் வரும் லாபத்தைவிட இழப்பே அதிகம், ஆகவே செய்ய மாட்டார்கள் என்று அந்தக் கவலையைக் கைவிட்டது. மேகவழி விளையாட்டில், அதாவது பெட்டி இல்லாமல் இணையம் வழியே ஆடும் ‘கிளவுட் கேமிங்’கில், அப்படி விடவில்லை. உலக அளவில் அந்தச் சேவையில் மைக்ரோசாஃப்டின் பங்கு 60 முதல் 70 சதவீதம் என்று கணக்கிட்டு, ஏப்ரல் 26 அன்று நிறுவன இணைப்பையே தடுத்தது. (கோத்தகிரியில் ஒரு மழைக்கு இணையமே போய்விடுகிறது. நமக்கு வாய்த்தது வெறும் மேகம்.)

ஆக, இது ஒருவர் லாபக் கணக்குப் போட்டுச் செய்கிற செயல். ‘அடைப்பு’ என்றால் சாக்கடையிலும் ரத்தக் குழாயிலும் தானாக ஏற்படுவது. கொடைக்கானல் ஐயா முன்வைத்த ‘கதவடைப்பு’ தொழிலாளர் சட்டத்துக்கு எப்போதோ போய்விட்டது. ‘முடக்கம்’ என்றால் போட்டியாளர் படுத்தே விட்டார் என்று ஆகிவிடும்; பகுதி வகைக்கு அது அதிகம்.

என் பரிந்துரை: வரத்து மறிப்பு. மறிப்பதற்கு ஆள் வேண்டும், நோக்கம் வேண்டும். ‘முழு மறிப்பு’, ‘பகுதி மறிப்பு’ என்று அடைமொழியும் ஒட்டும். எதிர்ப்பக்கம் ஒரு வகை உண்டு: பெரிய கொள்முதல்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு போட்டியாளரின் சரக்குக்கு ஆள் இல்லாமல் செய்வது. அதைக் ‘கொள்முதல் மறிப்பு’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். நம் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலும் ஃபோர்குளோஷர் வருகிறது. அங்கே பொதுவாகப் ‘போட்டி மறிப்பு’ என்று போட்டுக்கொள்ளலாம்.

‘உள்ளீட்டு மறிப்பு’ என்று யாராவது திருத்துவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கணினி உலகில் உள்ளீடு என்றால் விசைப்பலகையில் தட்டுவது. வீடியோ கேம் கட்டுரையில் ‘உள்ளீட்டு மறிப்பு’ என்று எழுதினால், கையில் இருக்கும் கன்ட்ரோலரில் பட்டன் வேலை செய்யவில்லை என்று பையன்கள் நினைப்பார்கள்.

கொடைக்கானலிலிருந்து:

கதவடைப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ‘மறிப்பு’ எனக்கு உறுத்துகிறது. வழிமறித்தல் என்றாலே கொள்ளைக்காரன் ஞாபகம் வரும், மறியல் என்றால் பேருந்து நிலையம். இலங்கைத் தமிழர் மறியல் என்றால் சிறையை நினைப்பார். விசாரணை முடியாத நிலையிலேயே நிறுவனத்தைக் குற்றவாளி ஆக்குகிற தொனி சட்டச் சொல்லுக்கு ஆகாது. வாங்கியவர் தான் வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது எல்லா இடத்திலும் குற்றமும் ஆகிவிடாது. போட்டி கெடுமா என்ற மூன்றாவது கேள்வி அதற்குத்தானே இருக்கிறது? ‘வரத்துத் தடுப்பு’ என்று கொஞ்சம் தணிக்கலாமே.

‘வரத்து’ மட்டும் எனக்கு முழுச் சம்மதம். மலைப்பூண்டு வரத்து, வாழை வரத்து என்று இங்கே தினமும் காதில் விழுகிற சொல்.

கோத்தகிரியிலிருந்து:

ஐயா, தொனி பற்றிய உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் ‘தடுப்பு’ இங்கே குழப்பும். ஆணையம் இணைப்பைத் தடுத்தது, நிறுவனம் வரத்தைத் தடுக்கலாம் என்று ஒரே பத்தியில் இரண்டு பேரும் தடுப்பார்கள். தடுப்பது ஆணையத்தின் வேலையாகவும் மறிப்பது நிறுவனத்தின் வேலையாகவும் இருந்தால் வாக்கியம் தெளியும். குற்றம் சாட்டுகிற தொனியைக் குறைக்க ‘மறிப்பு அச்சம்’, ‘மறிப்பு வாய்ப்பு’ என்று எழுதிப் பாருங்கள். தீர்ப்புகளில் பெரும்பாலும் பேசப்படுவது இனிமேல் நடக்கக்கூடியதைப் பற்றித்தான்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. கட்டுரையின் கடைசிப் பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

“ஐரோப்பிய ஆணையம் 2023 மே 15 அன்று நிபந்தனையோடு ஒப்புதல் தந்தது. தாங்கள் வாங்கிய ஆக்டிவிஷன் விளையாட்டுகளை எந்த மேகவழிச் சேவையிலும் ஆடிக்கொள்ள ஐரோப்பிய நுகர்வோருக்கு 10 ஆண்டுகளுக்கு இலவச உரிமம் என்பதால் அங்கே மறிப்பு அச்சம் நீங்கியது. ஜூலையில் கலிஃபோர்னியா நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கோர்லி, வரத்து மறிப்பு நடக்கும் என்பதற்கு அமெரிக்க ஆணையம் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று இடைக்காலத் தடையை மறுத்தார். அதே மாதம் சோனியும் கால் ஆஃப் டூட்டிக்கு 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பிரிட்டன் மட்டும் அசையவில்லை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே, அடுத்த 15 ஆண்டுகளில் வரும் விளையாட்டுகளையும் சேர்த்து மேகவழி உரிமையை யூபிசாஃப்ட் என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்துக்கு விற்க மைக்ரோசாஃப்ட் சம்மதித்த பிறகே, 2023 அக்டோபர் 13 அன்று ஒப்புதல் தந்தது. மறிக்கிற கையில் உரிமையே இல்லாமல் செய்துவிட்டது.”

வாசித்துக் காட்டினேன், வகுப்பில் யாரும் நகைக்கடன் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த சிக்கல் ‘ரெமெடி’, அதாவது போட்டி கெடாமல் இருக்க நிறுவனம் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு. ஆசிரியர் ‘பரிகாரம்’ என்கிறார். அதைப் போட்டால் மைக்ரோசாஃப்ட் திருநள்ளாறுக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.