இரண்டாவது விருப்பம் யாருக்கு? உங்கள் ஓட்டு அனுபவம் சொல்லுங்கள்

ஆங்கரேஜ்வாசி:
அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பிரைமரிக்கு, அதாவது முதற்கட்டத் தேர்தலுக்கு, கட்சி பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே வாக்குச்சீட்டு. முதல் நான்கு பேர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். அங்கே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் விழவில்லையென்றால் கடைசி ஆளைக் கழித்து, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். 2020 வாக்கெடுப்பில் இந்த முறை மயிரிழையில்தான் ஜெயித்தது.

எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் டான் யங் இறந்து காலியான இடத்துக்கு 2022 ஜூனில் பிரைமரி. தபாலில் வந்த சீட்டில் 48 பேர். சான்டா கிளாஸ் என்று சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட நார்த் போல் ஊர்க் கவுன்சிலரும் அதில் இருந்தார், நிஜமாகத்தான்!

நால்வரில் ஒருவர் விலகிவிட, ஆகஸ்டில் நடந்த இறுதித் தேர்தலில் களத்தில் மூவர்: மேரி பெல்டோலா, சாரா பேலின், நிக் பெகிச். பெயருக்கு நேரே வட்டங்கள், விருப்பத்துக்கு ஒன்றாகக் கருப்பாக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெகிச் பக்கம். ஒரே வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தார். "பேலினும் வேண்டாம், அந்தப் பெல்டோலா அம்மாவும் வேண்டாம்" என்றார். சரி, அவர் இஷ்டம்.

தபால் ஓட்டுக்கெல்லாம் காத்திருந்து ஆகஸ்ட் 31-இல்தான் முடிவு. மூன்றாமிடம் பெகிச். அவருடைய ஓட்டில் பாதி பேலினுக்கும், முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெல்டோலாவுக்கும் போனது. 11,000-க்கு மேல் இரண்டாவது விருப்பமே இல்லாத சீட்டுகள். பெல்டோலா ஜெயித்ததோ 5,000 சொச்சத்தில். பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் "முறையே மோசடி" என்கிறார். வட்டத்தைக் காலியாக விட்டது யாராம்? 2024-இல் இந்த முறையை ஒழிக்க வந்த தீர்மானம் 750 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது.

யாழ்ப்பாணத்தான்:
அண்ணை, எங்கட ஜனாதிபதித் தேர்தலிலும் 1, 2, 3 போடலாம். ஆனால் சனத்துக்கு ஒரு புள்ளடி (X) போட்டுத்தான் பழக்கம். நான் 2024-இல் தமிழ்ப் பொதுவேட்பாளரின் சங்குச் சின்னத்துக்கு 1 போட்டு, யோசித்து ஒரு 2-உம் போட்டேன். வரிசையில் பின்னால் நின்ற மாமா, "அது என்னத்துக்கடா?" என்று கேட்டார்.

அந்தத் தேர்தலில்தான் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை வந்தது. இங்கே உங்களைப்போல ஒவ்வொருவராகக் கழிப்பதில்லை. முதல் இருவரைத் தவிர எல்லோரும் ஒரேயடியாக வெளியே. அப்படி வெளியேறியவர்களுக்கு விழுந்தது 33 இலட்சத்துக்கு மேல். அதில் முதல் இருவரான அநுரவுக்கும் சஜித்துக்குமாகச் சேர்ந்த விருப்பு வாக்கு வெறும் 2 இலட்சத்து 73 ஆயிரம். அதில் என்னுடையதும் ஒன்று. யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.