அப்பாவின் ஏபிஐ 1.46: இதை நம்பலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 71, சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு வலது கால் கட்டைவிரல் ஓரத்தில் ஆறாத ஒரு புண்.

கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து ஒப்பிடும் ஏபிஐ பரிசோதனை எடுத்தோம். 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்பார்கள். அப்பாவுக்கு வந்தது 1.46. "குறையவில்லையே, பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இடிப்பது அங்கேதான். 1.40-ஐத் தாண்டினால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடும். அழுத்தம் பார்க்கக் கட்டும் பட்டையில் எவ்வளவு காற்றடித்தாலும் குழாய் சரியாக அமுங்காது, எண் பொய்யாக ஏறிவிடும். உள்ளே அடைப்பு இருந்தாலும் இதில் தெரியாமல் போகலாம். கால்விரல் குழாய்கள் பொதுவாக அந்த அளவுக்கு இறுகுவதில்லை. அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு கால்விரலில் அழுத்தம் பார்த்து அதேபோல் கையோடு ஒப்பிடும் டிபிஐ எடுக்கச் சொல்கிறார்கள், அது 0.70-க்குக் கீழே போனால் பிரச்சினை.

புண் இருப்பதால் தள்ளிப்போடாமல் ரத்தநாள அறுவை நிபுணரிடம் இந்த வாரமே நேரம் வாங்கிவிட்டேன். அதற்கு முன் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: கட்டைவிரலில் புண் இருந்தால் டிபிஐயை அடுத்த விரலில் எடுப்பார்களா? இல்லை, நேரே, ஒலி அலையால் ரத்த ஓட்டம் பார்க்கும் டூப்ளெக்ஸ் டாப்ளர் ஸ்கேன்தானா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், அதனால் சாய ஊசி போட்டு ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோவுக்குத் தயங்குகிறோம். மதுரைப் பக்கம் டிபிஐ எடுக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.