ஸ்டென்ட் வைத்தவர் மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கலாமா?

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், பிரஷருக்கு மெட்டோப்ரோலால் எடுக்கிறார். பெரியம்மா ஊரிலிருந்து மருதம்பட்டை கொண்டுவந்தார். பாலும் தண்ணீரும் விட்டு, தண்ணீர் சுண்டும்வரை காய்ச்சி அப்பா தினமும் குடித்தார்.

மருதம்பட்டை மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இதயத்துக்குக் காலங்காலமாகக் கொடுப்பதுதானே. ஆனால் அது பிரஷரையும் இறக்கக்கூடும் என்கிறார்கள். மாத்திரையோடு சேர்ந்தால் அதிகமாக இறங்கிவிடாதா? எழுந்து நின்றால் அப்பாவுக்குக் கண் இருட்டுகிறது, இன்று காலை 100/60. பல் விளக்கும்போது ஈறில் ரத்தமும் வருகிறது.

கஷாயத்தை நிறுத்திவிட்டோம், மாத்திரையில் கை வைக்கவில்லை. நாளை இதய டாக்டரைப் பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இதற்கு எந்தப் பிரிவில் காட்டுவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.