மாமரத்தடில பச்சைக் குருவி, என்னன்னு தெரியுமா?

அடையாறு வாசி:
மழை விட்டதுல இருந்து எங்க மாமரத்தடில ஒரு குருவி, மைனாவ விட சின்னது, முதுகு பச்சை, வயித்துக்குக் கீழ செவப்பு, கண்ணுல மை தீட்டினாப்ல கறுப்புப் பட்டை, வால் இருக்கா இல்லையான்னே தெரியல, காஞ்ச எலையப் பொரட்டிப் பொரட்டி பூச்சி தின்னுது. என்ன குருவிங்க? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல இப்ப என்ன பறவைங்க பாக்கலாம்?

மயிலை மாடி:
ஆறுமணிக்குருவிங்க!! இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வரும். ராத்திரில பறந்து வர்றதால சிலது களைச்சுப்போய் வீட்டுக்குள்ளயே வந்து விழுந்துடும். தயவுசெஞ்சு சருகைக் கூட்டி எரிச்சுடாதீங்க, அதுக்கு சாப்பாடே அதுலதான். பூனை இருந்தா கவனம்.

வேளச்சேரி:
பள்ளிக்கரணைல தண்ணி ஏறிக் கெடக்குறப்ப வாத்துங்கதான் நல்லா தெரியும், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம். உள்ளான் மாதிரி சேத்துல மேயுறதுங்களுக்கு கொஞ்சம் வடியணும். ரேடியல் ரோடு பக்கம் காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. 2022லயே ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேத்த எடம், நம்ம ஊர்க்காரங்க நெறைய பேர் இன்னும் எட்டிக்கூட பாக்கல.

அடையாறு வாசி:
ரொம்ப நன்றிங்க, சருகைத் தொடாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், பைனாகுலர் இல்ல, பரவால்லையா?

வேளச்சேரி:
வாங்க, என்கிட்ட ரெண்டு இருக்கு.