லயத்து வீட்டு வாசல்ல 8 மில்லிமீட்டர் செம்பருத்தி

பொம்மை வீட்டுக்குப் பேப்பர் பூ செய்யிறதப் பத்தி எல்லாரும் சொல்றீங்க, நானும் என் அனுபவத்த சொல்லிடுறேன். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட். அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க. போன தீபாவளிக்கு ஹால்ல வைக்கலாம்னு அட்டையில ஒரு லயத்து வீடு (தோட்டத் தொழிலாளருக்கு வரிசையா ஒட்டிக் கட்டுன வீடு) செஞ்சேன், 1:12 கணக்கு, அதாவது நிஜத்துல ஒரு அடின்னா பொம்மை வீட்டுல ஒரு இன்ச். வீடு மூணு நாள்ல முடிஞ்சிருச்சு, பூவுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு.

10 சென்டிமீட்டர் செம்பருத்தி இந்தக் கணக்குல 8 மில்லிமீட்டர்தான் வரும். மொதல்ல ஏ4 பேப்பர்ல வெட்டுனேன், சரியா வரல. அந்தத் தாள் 0.1 மில்லிமீட்டர் தடிப்பு, 12 ஆல பெருக்கிப் பாருங்க, இதழ் முட்டைக்கோஸ் இலை மாதிரி ஆயிடுது. அப்புறம் டிஸ்யூ பேப்பருக்கு மாறி, அஞ்சு இதழையும் தனித்தனியா வெட்டி, பழைய ஸ்பாஞ்சு மேல வச்சு குண்டூசித் தலையால லேசா அழுத்துனேன், அழகா குழிஞ்சு வந்துச்சு.

அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு கிட்ட வந்து பாத்தாங்க. "என்னா பூம்மா இது, நடுத்தண்டயே காணோம்? நம்ம வாசல் செம்பருத்தியில அது வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், மஞ்சப்பொடி ஒட்டியிருக்கும்"னாங்க. 1960லேர்ந்து இந்த நாட்டுக்கே தேசியப் பூ, தெனமும் பாக்குற பூ, எனக்குத் தோணவே இல்ல பாருங்க. செவப்புத் தையல் நூல்ல கம் தடவி விறைப்பாக்கி, நறுக்கி, ஈரம் காயுறதுக்குள்ள நுனிய சமையல் மஞ்சள்தூள்ல ஒத்தி நடுவுல வச்சேன், அப்பதான் அது செம்பருத்தி.

ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, நம்மூரு தீபாவளி மழைக்காலத்துல வருது. ஒரு ராத்திரி ஜன்னலோரம் வச்சிட்டுத் தூங்கிட்டேன், காலையில இதழெல்லாம் தொங்கிப்போய், செவப்புச் சாயம் வெள்ளைச் சுவத்துல எறங்கி, அழுகையே வந்துருச்சு. இப்ப மைலோ டின்னுல காய்ஞ்ச அரிசிய போட்டு, அதுமேல ஒரு துணிய விரிச்சு பூவ வச்சு மூடிடுறேன், கம்மும் கொஞ்சமா, பல்குச்சி நுனியில எடுத்து வச்சாப் போதும்.

கிறிஸ்மஸுக்கு பக்கத்து வீட்டு அக்கா பாயின்செட்டியா கேட்டிருக்காங்க. அதுல செவப்பா இருக்கிறது இதழ் இல்ல, இலைதான், நடுவுல இருக்கிற மஞ்சள் புள்ளிதான் பூவு, அதனால அது சுலபம்.

தீபாவளி அன்னிக்கு அம்மா ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "எல்லாம் இருக்கு, என் பால்வாளி எங்க?"ன்னு கேட்டாங்க. இந்த வருசத்துக்கு அலுமினியத் தாள வெட்ட ஆரம்பிச்சிட்டேன்.