சவ்வைத் தாயம் (matrix) ஆக்கினால் அது சவ்வுதானா?

கல்லடிக்காரன்:
துணிக்கைகளைச் சிறு இழைகளாகப் பார்க்கும் கோட்பாட்டில் இழையைக் குவாண்டமாக்கியது (குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவந்தது) போலவே, இழைக்குப் பதில் பரப்பாக விரியும் சவ்வையும் ஆக்கியாயிற்று என்று நேற்று வந்தாறுமூலைத் தம்பி எழுதியிருந்தார். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இழை காலத்தோடு நகர்ந்து வரைவது இரு பரிமாணப் பரப்பு, அங்கே சமன்பாடுகள் தனித்தனி அலைவுகளாகப் பிரிந்துவிடும். சவ்வு வரைவது மூன்று பரிமாணம், எல்லா அலைவும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். 1962 இல் பௌதிகவியலாளர் டிராக் இலத்திரனையே ஒரு சவ்வாக வைத்துப் பார்த்த காலத்திலிருந்து இருக்கிற சிக்கல் இது.

அக்கரைப்பற்று டீச்சர்:
அண்ணன், பௌதிகவியலாளர்கள் கோல்ட்ஸ்டோனையும் ஹொப்பேயையும் விட்டுவிட்டீர்களே. 1982 இல் ஹொப்பே தன் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் சவ்வின் மேலுள்ள சார்புகளுக்குப் பதிலாக எண்களின் சதுர அட்டவணைகளான முடிவுள்ள தாயங்களை வைத்தார். முடிவிலிப் புள்ளிகள் போய் எண்ணக்கூடிய உறுப்புகள் வந்தன, மிச்சம் சாதாரண குவாண்டம் பொறிமுறைதான்.

கல்லடிக்காரன்:
அந்தத் தாயத்துக்குச் சவ்வு உருண்டையா, உழுந்து வடை மாதிரி துளையுள்ளதா என்பதே தெரியாது டீச்சர். இரண்டுக்கும் அதே தாயங்கள். அப்புறம் 1989 இல் டி விட், லூஷர், நிக்கோலாய் மூவரும் மீச்சமச்சீர் (போசன், பேர்மியன் என்ற இரு வகைத் துணிக்கைகளையும் சோடியாக்கும் சமச்சீர்) உள்ள சவ்வின் சக்தி மட்டங்கள் தனித்தனியாக இல்லை, தொடர்ச்சியாக இருக்கின்றன என்று காட்டினார்கள். மட்டங்கள் பிரியாவிட்டால் எதைத் துணிக்கை என்று சொல்வது?

வந்தாறுமூலை மாணவன்:
ஏன் தொடர்ச்சியாகிறது?

அக்கரைப்பற்று டீச்சர்:
தயிரின் ஏட்டை விரலால் தொட்டுத் தூக்கிப் பாருங்கள் தம்பி, மெல்லிய நூலாக எழும்பும். சவ்வின் சக்தி அதன் பரப்பளவைப் பொறுத்தது, நூல் எவ்வளவு நீண்டாலும் போதிய அளவு மெலிந்தால் பரப்பு ஏறக்குறைய பூச்சியம், ஆகவே செலவில்லாமல் நீளும். சாதாரணச் சவ்வில் நிச்சயமின்மைத் தத்துவம் இதைத் தடுக்கிறது, மெலிய மெலிய அதிர்வின் சக்தி ஏறும். மீச்சமச்சீர் வந்தால் பேர்மியன்கள் அந்த ஏற்றத்தைச் சரியாகக் கழித்துவிடும், தடை போய்விடும்.
ஆனால் அண்ணன், இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. செலவில்லாத நூலால் இணைந்த இரண்டு சவ்வுகளும் தனித்தனி இரண்டும் ஒரே சக்திதானே. அப்போது அந்தத் தாயங்கள் பல பொருள்களை ஒன்றாகச் சொல்கின்றன. 1996 இல் பாங்ஸ், ஃபிஷ்லர், ஷெங்கர், சஸ்கிண்ட் நால்வரும் அப்படித்தான் எடுத்தார்கள்.

கல்லடிக்காரன்:
அந்த விளக்கம் அழகானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாயத்தை முடிவிலி அளவுக்குப் பெருக்கும்போது இந்தச் சவ்வு இருக்கும் 11 பரிமாண வெளி-காலத்தின் சார்பியல் சமச்சீர் (எந்தச் சீரான வேகத்தில் நகர்பவருக்கும் விதிகள் ஒன்றே என்பது) முழுதாகத் திரும்புகிறது என்று யாரும் நிறுவவில்லை. அதுவரை "ஆக்கியாயிற்று" என்று எழுதக் கூடாது.

அக்கரைப்பற்று டீச்சர்:
சரி, அந்தச் சொல்லை நானும் விடுகிறேன். தம்பி, அந்த நூலின் எளிய மாதிரியாக இரண்டு மாறிகளின் வர்க்கங்களைப் பெருக்கி அழுத்தச் சக்தியாக (potential energy) வைத்து, ஒரு அச்சு வழியே போகப்போக மற்ற அதிர்வின் குறைந்தபட்சச் சக்தி எப்படி ஏறுகிறது என்று கணித்து இங்கே போடுங்கள்.